விளையாட்டுச் சாமானா, வாத்தியமா? நாலு தந்திக் கருவி ஒன்றின் கதை

 

போன கிழமை மஃரிபுக்குப் பிறகு எங்கள் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு சின்ன யுக்கலேலே. நாலே நாலு தந்தி. பார்க்கக் கிற்றாரின் குட்டி மாதிரி இருக்கும். பகலில் போன் கடையில் வேலை செய்கிறான். சனி ஞாயிறுகளில் கல்யாண வீடு, பிறந்தநாள் என்று கூப்பிட்ட இடங்களில் வாசிக்கிறான். இப்போது வைத்திருப்பது மலிவான கருவி. ஒரு பாட்டு முடியுமுன்னே சுருதி இறங்கிவிடுகிறது. மேடைக் கலைஞர்கள் வாசிக்கும் தரத்தில் ஒன்றைக் கொழும்பில் பார்த்து வைத்திருக்கிறான். இரண்டு வருடம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசும் கையில் இருக்கிறது.

"சேர், வாங்கலாமா?" என்று கேட்டான்.

மீள்குடியேறி இத்தனை வருடமாகியும் அவர்கள் வீட்டில் ஒரு பக்கச் சுவர் இன்னும் பூசாமல்தான் நிற்கிறது. உம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். மாமா மட்டும், "ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு காசா?" என்று கேட்டுவிட்டார். பொடியனுக்கு அதுதான் மனதில் குத்திக்கொண்டிருந்தது.

நாங்கள் சரித்திரம் படிப்பிக்கிற ஆட்கள். உடனே ஆம், இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. "ஒரு கிழமை பொறு" என்று சொல்லி அனுப்பினோம். அந்த ஒரு கிழமையில் தேடிப் படித்ததை அவனுக்கும் அவன் மாமாவுக்கும் உங்களுக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம். இசை கூடுமா கூடாதா என்ற மார்க்க விவாதத்தை நாங்கள் இங்கே திறக்கவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். மாமா கேட்ட கேள்விக்கு மட்டுமே சரித்திரத்தில் விடை தேடுகிறோம்.

யுக்கலேலே என்றால் எல்லோரும் ஹவாய் தீவைத்தான் நினைப்பார்கள். ஆனால் அது அங்கே பிறந்ததல்ல. போர்த்துக்கேயருக்குச் சொந்தமான மடெய்ரா தீவில் 'மஷேத்தே' என்றொரு சின்னத் தந்தி வாத்தியம் இருந்தது. அந்தத் தீவின் திராட்சைத் தோட்டங்களில் நோய் விழுந்து வறுமை வந்தபோது, சனங்கள் கப்பல் ஏறினார்கள். 1879 ஓகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் நானூறுக்கு மேற்பட்ட மடெய்ரா மக்களோடு ஹொனலுலு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லோரும் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய வந்தவர்கள். தமிழகத்திலிருந்து எங்கள் மலையகத்துக்குக் கூலிகளாக மக்கள் கொண்டுவரப்பட்டதும் அதே நூற்றாண்டில்தான்.

அந்தக் கப்பலில் மூன்று தச்சர்கள் இருந்தார்கள்: மனுவேல் நூனெஸ், ஒகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்து. ஊரில் மரத் தளபாடம் செய்தவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஹொனலுலு நகரத்துக்குத் திரும்பி ஆளுக்கொரு பட்டறை போட்டார்கள். ஹவாயில் மட்டுமே வளரும் 'கோவா' என்ற மரத்தில் தங்கள் ஊர் வாத்தியத்தைச் செய்தார்கள். செய்யும்போதே அளவையும் சுருதியையும் அந்த ஊர்ச் சனங்களுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். அப்போது ஹவாய்க்கு அரசராக இருந்தவர் கலாக்காவுவா. அவர் தன் அரண்மனை வைபவங்களில் இந்தக் கருவிக்கு இடம் கொடுத்தார். கூலிகளின் வாத்தியம் கொஞ்சக் காலத்தில் ஒரு நாட்டின் வாத்தியமானது.

பெயருக்கும் ஒரு கதை உண்டு. 'உக்கு' என்றால் தெள்ளுப்பூச்சி, 'லேலே' என்றால் துள்ளுவது. வாசிப்பவரின் விரல்கள் தெள்ளுப்பூச்சி போலத் துள்ளியதால் அந்தப் பெயர் என்று பலர் சொல்வார்கள். கலாக்காவுவாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்த அவருடைய தங்கை லிலியுக்கலானி ராணி வேறு பொருள் சொன்னார். அவர் சொன்னது 'வந்து சேர்ந்த பரிசு'.

அப்படியென்றால் இது விளையாட்டுச் சாமான் ஆனது எப்போது?

1915இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. ஹவாய் மண்டபத்தில் யுக்கலேலே கேட்ட அமெரிக்கச் சனங்களுக்கு அதன் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. ஹவாய்ப் பட்டறைகளால் கேட்ட அளவுக்குச் செய்து கொடுக்க முடியவில்லை. அமெரிக்கத் தொழிற்சாலைகள் புகுந்தன. 'மார்ட்டின்' போன்ற பெரிய கிற்றார் கம்பனி கூட ஆரம்பத்தில் தடுமாறியது. கிற்றார் செய்கிற மாதிரிக் கனமாகச் செய்து பார்த்தபோது சத்தம் எழும்பவில்லை. மெல்லிய மகோகனிப் பலகையில், உள்ளே தாங்குகட்டைகளைக் குறைத்துச் செய்த பிறகுதான் சரிவந்தது. 1916இலிருந்து அவர்கள் விற்கத் தொடங்கினார்கள். அதே 1916இல் ஹொனலுலுவில், நூனெஸிடம் தொழில் பழகிய சாமுவேல் கமாக்கா தன் சொந்தப் பட்டறையைத் திறந்தார். இன்றும் அவருடைய குடும்பம் அதே தொழிலில்தான் இருக்கிறது.

1949இல் மாரியோ மக்காஃபெரி என்பவர் பிளாஸ்டிக் யுக்கலேலே ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். விலை ஆறு டொலருக்குள். மில்லியன் கணக்கில் விற்றது. இவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாரிஸ் கலைஞர்கள் கொண்டாடிய கிற்றார்களை வடிவமைத்தவர். அவர் செய்த பிளாஸ்டிக் கருவியும் தன் விலைக்கு நல்ல கருவிதான். ஆனாலும் அதற்குப் பிறகு யுக்கலேலே என்றதும் பொம்மைக் கடைதான் சனங்களின் நினைவுக்கு வந்தது. மாமாவின் வாயில் வந்த வார்த்தைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அவரில் பிழை இல்லை.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். மஷேத்தே வாசித்த போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்துக்கும் வந்தவர்கள்தானே. 1619இல் சங்கிலி மன்னனைப் பிடித்து இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். 1658இல் ஒல்லாந்தரிடம் கோட்டையைப் பறிகொடுத்துவிட்டுப் போனார்கள். நாற்பது வருடம்கூட இல்லை. ஆனால் இன்றைக்கும் யன்னலைத் திறக்கிறோம், கதிரையில் இருக்கிறோம், மேசையில் பாண் வைத்துச் சாப்பிடுகிறோம், அலுமாரியைப் பூட்டுகிறோம், சப்பாத்துப் போடுகிறோம். எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். சொல் தங்கிய அளவுக்கு அவர்களுடைய தந்தி வாத்தியம் இங்கே தங்கவில்லை.

மட்டக்களப்பில் தங்கியது. அங்குள்ள போர்த்துக்கேயப் பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலினும் மெண்டலினும் றபானும் சேர்த்து 'கஃப்ரிஞ்ஞா' வாசித்து ஆடும் வழக்கம் நூற்றாண்டுகள் தாண்டி வந்தது. அந்தக் குடும்பங்களில் பலர் தச்சு வேலையும் கொல்லு வேலையும் செய்தவர்கள். புத்தளம் சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் 'மஞ்ஞா' பாடுவதை, இடம்பெயர்ந்து புத்தளத்தில் வாழ்ந்த எங்கள் ஆட்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். சிரட்டை, போத்தல் என்று கையில் கிடைத்ததை எல்லாம் வாத்தியமாக்குவார்கள். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் துகு என்ற கிராமத்திலும் இப்படித்தான். போர்த்துக்கேயக் கலப்புச் சமூகம் ஒன்று வைத்திருந்த சின்னக் கிற்றாரிலிருந்து 'குரொன்சொங்' இசை வளர்ந்தது.

வாத்தியம் தங்கிய இந்த இடங்களில் எல்லாம், ஆட்சிக்காரன் போன பிறகும் குடும்பங்கள் இருந்தன. செய்யவும் திருத்தவும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

வயலினைப் பாருங்கள். அது வெள்ளைக்காரனின் வாத்தியம். பாலுசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் ஐரோப்பியரிடம் அதைப் பழகி, கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தஞ்சாவூர் வடிவேலு திருவிதாங்கூர் அரண்மனையில் அதை வாசித்தார். நின்று தோளில் வைத்து வாசித்ததை, தரையில் இருந்து காலில் முட்டுக்கொடுத்து வாசிக்கும்படி மாற்றினார்கள். இன்று மருதனார்மடத்தில் வயலின் படிக்கப் போகும் பிள்ளையை யாராவது அந்நிய வாத்தியம் படிக்கிறது என்று சொல்வார்களா?

மெண்டலின் சிறீனிவாஸ் (1969–2014) ஆந்திராவில் பாலகொல்லு என்ற ஊர்ப் பிள்ளை. ஆறு வயதில் தகப்பனின் மெண்டலினைக் கையில் எடுத்தார். கர்நாடக இசைக்கு இது சரிவராது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். எட்டுத் தந்திக் கருவியை ஐந்து தந்தி மின் மெண்டலினாக மாற்றி, அதிலேயே கமகம் கொண்டுவந்து காட்டினார். கருவி சின்னது, வாசித்த பிள்ளையும் சின்னது. பிறகு யாரும் அதை விளையாட்டுச் சாமான் என்று சொல்லவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கக் கதையும் எங்கள் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. கண்பார்வையற்ற யாழ்பாடி ஒருவர் யாழ் வாசித்து அரசனிடம் பரிசாகப் பெற்ற மணல் நிலம்தான் யாழ்ப்பாணம் என்பது ஐதீகம். அது ஐதீகமாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு வாத்தியத்தின் பெயரை ஊருக்கு வைத்திருக்கிற எங்களில் எத்தனை பேர் யாழைக் கண்ணால் கண்டிருக்கிறோம்? சங்க காலத்தில் பாணர் கையில் இருந்த யாழ், வீணை எழுந்த பிறகு வழக்கொழிந்து போனது. செய்கிறவர் கை நின்றது, வாசிக்கிறவர் விரலும் நின்றது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பழைய நூல்களையும் கணக்கையும் வைத்து, வருடக்கணக்கில் ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். 1947இல் அது அரங்கேறியது. அதே வருடம் அவர் காலமானார். சொல்லிக்கொடுக்கும் சங்கிலி ஒருமுறை அறுந்தால், அதை ஒட்ட அவ்வளவு பெரிய அறிஞருக்கும் ஒரு வாழ்நாள் தேவைப்பட்டது.

எங்கள் தெருவிலும் ஒரு சங்கிலி அறுந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வீட்டை, கடையை, தையல் மெசினை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு நடந்தோம். எங்கள் அயலில் ஒரு பெரியவரிடம் ஆர்மோனியம் இருந்தது. நாகூர் ஹனீபாவின் பாட்டுகளை அதில் அவர் வாசிப்பது எங்களுக்குச் சின்ன வயது நினைவு. ஆர்மோனியம் வீட்டோடு நின்றுவிட்டது. புத்தளத்தில் அவர் பல வருடம் வாழ்ந்தார். இன்னொன்று வாங்கவும் இல்லை, ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அவர் மௌத்தானதோடு அதுவும் முடிந்தது. பறிபோனது ஆர்மோனியம் என்றுதான் இத்தனை காலம் நினைத்தோம். ஆர்மோனியத்தைக் கடையில் வாங்கலாம். அந்த விரல்களை எங்கே வாங்குவது?

இப்போது தம்பிக்கு எங்கள் பதில்.

இது விளையாட்டுச் சாமான் இல்லை. உனக்கு இது தொழில் சாமான். எங்கள் ஆட்களில் தையற்காரர் எத்தனை பேர் இருந்தார்கள்! நல்ல மெசின் வாங்கியவரை ஊதாரி என்று யாரும் சொன்னதில்லை. மாமாவிடம் இதைப் பணிவாகச் சொல்.

வாங்குவதென்றால் பார்த்து வாங்கு. மலிவுக் கருவி ஒட்டுப்பலகையில் செய்தது. மெல்லிய தகடுகளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஈரமும் அடியும் தாங்கும், ஆனால் சத்தம் அடைபடும். நல்ல கருவி முழுப் பலகையில் செய்தது. நன்றாக அதிரும், ஆனால் மாரி ஈரத்தில் ஊதும், சித்திரை வெயிலில் வெடிக்கும். அதைப் பெட்டியில் வைத்துப் பராமரிக்கத் தெரிய வேண்டும். வீணையில் மெட்டு என்பார்களே, அந்தக் கட்டைகளில் பன்னிரண்டாவதில் அழுத்தி வாசித்துப் பார். திறந்த தந்தியின் சுரமே ஒரு ஸ்தாயி மேலே சுத்தமாக வரவேண்டும். வராவிட்டால் எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் விட்டுவிட்டு வா. படம் பார்த்து வாங்காதே, கையில் எடுத்து வாசித்து வாங்கு.

வாங்கிய பிறகு, இப்போது இருக்கும் பழைய கருவியை விற்காதே. தெருவில் ஆர்வமுள்ள இரண்டு பிள்ளைகளைப் பிடித்து அதில் சொல்லிக்கொடு. தந்தி மாற்றவும் முறுக்காணி திருத்தவும் நீயும் பழகு, அவர்களுக்கும் பழக்கு.

கடைசியாக ஒன்று. உம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றாய். அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. சுவரைப் பற்றி அவரிடம் நேரே கேள். முதலில் சுவர்தான் என்று அவர் சொன்னால், அந்தக் காசில் சுவரைப் பூசு. இன்னொரு சீட்டுப் பிடி. நல்ல கருவி அடுத்த வருடமும் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். உன் விரல் அதுவரை பழகிக்கொண்டே இருக்கட்டும்.

உறவுகளே, 1990க்கு முன் எங்கள் தெருக்களில் ஆர்மோனியம், புல்புல்தாரா, றபான் வைத்திருந்தவர்கள், அவற்றைத் திருத்திக் கொடுத்தவர்கள் யார் யார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதைக் கீழே எழுதுங்கள். அந்தத் தலைமுறையில் இனி இருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான்.