அபின் பதிவேடும் அதன் பின்னும்

இலங்கையிற் போதைப் பழக்கம் நோயாகக் கருதப்படுமுன்னரே கணக்கெடுக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அனுமதி பெற்ற கடைகளில் அபின் விற்கப்பட்டது. அதன் தீர்வை அரசுக்கு வருவாயாயிற்று. எதிர்ப்பு வலுக்கவே, 1910ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கடைகளை விலக்கி, அபின் உண்போரையும் அதனைக் கையாளும் சுதேச வைத்தியரையும் பதிவு செய்வித்தது. பதிந்தோர்க்கு அளவோடு அபின் கிடைத்தது. பழகியவனுக்குத் திடீரென நிறுத்துதல் துன்பந் தரும் என்பதை அவ்வேற்பாடு ஒப்புக்கொண்டது எனலாம். எனினும் அவன் ஏன் உண்கிறான் எனப் பதிவேடு வினவவில்லை.

1980களில் ஹெரோயின் கொழும்பிற் பரவிற்று. 1984இல் ஒரு சட்டம் கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதித்தது. அதே ஆண்டில் மற்றொரு சட்டம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை நிறுவிற்று. தண்டனையும் சிகிச்சையும் இவ்வாறு ஒருங்கே பிறந்தன. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டமோ, மருத்துவச் சான்றின்மீது ஒருவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பும் அதிகாரத்தை நீதவானுக்கு அளித்தது.

இங்கேதான் மதிப்பீடு என்னும் வினா கூர்மையடைகிறது. சிறுநீர்ச் சோதனை ஒருவன் போதைப்பொருள் உட்கொண்டான் என்பதையே காட்டும். அதிற் தங்கியிருக்கிறானா என்பதைக் காட்டாது. அடங்கா வேட்கை, அளவை மட்டுப்படுத்த இயலாமை, நிறுத்தினால் உடல் நோதல், வேலையும் குடும்பமும் கைவிடப்படல் ஆகியவற்றை மருத்துவர் பொறுமையாகக் கேட்டறிதல் வேண்டும். ஹெரோயினை நிறுத்தியபின் உடல்வருத்தம் ஏறத்தாழ ஒரு கிழமையில் தணியும். வேட்கையோ மாதக்கணக்கில் நீடிக்கும். கொட்டாஞ்சேனை முடுக்கொன்றுக்காயினும் வெள்ளவத்தை மாடிவீட்டுக்காயினும், அம்மாதங்களிலேயே அவன் வீடு திரும்புகிறான்.