பாலாற்றங்கரையில் உப்பான கிணறுகள்

பச்சைத்தோல் ஒரு நாளுக்குள் அழுகத் தொடங்கிவிடும். அதனால் அறுத்த இடத்திலேயே உப்பைக் கொட்டித் தேய்த்து அடுக்கிவிடுவார்கள். தோலின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்பு. பதனிடும் ஆலைக்குத் தோல் வந்ததும் அந்த உப்பைக் கழுவித் தள்ள வேண்டும். பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிர் நீக்கி, சவ்வு சீவி, மீண்டும் மீண்டும் அலச வேண்டும். ஒரு கிலோ தோலுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் இத்தொழில் வேரூன்றியதற்கு ஒரு முக்கியக் காரணம் பாலாறு. மேலே வறண்டு கிடந்தாலும் மணலுக்கடியில் அதன் நீர் நிற்கும். கரையில் கிணறு வெட்டினால் ஊறும்.

19ஆம் நூற்றாண்டில் இங்கே நடந்தது பட்டைப் பதனம். ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த குழிகளில் தோல் வாரக்கணக்கில் கிடக்கும். பின் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, எண்ணெய் பூசி உலர்த்துவார்கள். அரைப்பதனமான அந்தத் தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. பட்டைக் குழியின் கழிவும் நாறத்தான் செய்தது, உப்பும் அப்போதே இருந்தது. ஆனால் வேலை மெதுவாக நடந்ததால் கழிவும் அளவோடு வெளியேறியது.

குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தது. பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதைச் சோதித்துக் காட்டினார். பல்லாவரத்துக்கு அருகே எழுந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். வாரக்கணக்கான வேலை இதில் ஓரிரு நாளில் முடியும். ஆனால் பாலாற்றுப் பக்கம் இம்முறை பெருகியது 1970களில்தான். அரைப்பதனத் தோலாக அனுப்பாமல் முழுமையாக்கி, ஷூவாகவும் பையாகவும் விற்றால் அந்நியச் செலாவணி கூடும் என்று மத்திய அரசு ஏற்றுமதி விதிகளை மாற்றியது. கணக்கு சரியானதே. தோல் ஊரிலேயே முழுமை பெற்றது. வெளிநாட்டில் சேர்ந்திருக்க வேண்டிய கழிவும் ஊரிலேயே தங்கியது.

குரோமியத்தின் பெயரே அதிகம் அடிபட்டாலும், வயலை முதலில் கெடுத்தது உப்புதான். குரோமியம் பெரும்பாலும் சேற்றோடு படியும். உப்பு தண்ணீரோடு கரைந்து கிணற்றுக்குள் இறங்கும். பாய்ச்சிய வயலில் வெள்ளைப் பொருக்கு பூத்தது, தென்னை காய்ப்பு குறைந்தது, குடிநீருக்கு அடுத்த ஊருக்குக் குடம் தூக்க வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் மட்டும் நச்சு வேறு வகை. குரோமிய ரசாயன ஆலை ஒன்று மூடப்பட்டபோது விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குவியலிலிருந்து, கொடிய அறுமதிப்புக் குரோமியம் மழைதோறும் மஞ்சளாகக் கசிந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை நீதிபதி குல்தீப் சிங் அதில் குறிப்பிட்டார். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். பின்னர் அமைந்த ஆணையம் 29,000க்கு மேற்பட்டோருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு வகுத்தது. ஆளுக்குப் பத்தாயிரம்கூடத் தேறவில்லை.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் 1990களில் பரவின. அவை குரோமியத்தையும் அழுகலையும் பிரித்தன. கரைந்த உப்பை அவற்றால் தொட முடியவில்லை. அதற்காகச் சவ்வூடு வடிப்பும் ஆவியாக்கும் கொதிகலன்களும் பின்னால் வந்தன. கழிவைத் தேக்குவதும் ஆபத்தாயிற்று: 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தனர். ஆவியாக்கி எடுத்த உப்போ பல ரசாயனங்கள் கலந்தது என்பதால் வாங்குவாரில்லை. மழை படாமல் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.