எராஸ்மஸ் மாணவர் பெறுவது என்ன? அயல்நாட்டுக் கல்வியின் பயனும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பும்

அயல்நாட்டில் ஒரு செமஸ்டரோ ஓராண்டோ படித்துத் திரும்பும் கல்லூரி மாணவருக்கு என்ன கிடைக்கிறது? நல்ல வேலை, மொழித் தேர்ச்சி, விரிந்த மனப்பாங்கு என்று மூன்று விடைகள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் எல்லை கடந்த எவருக்கும் இவை தாமாகவே வந்து சேரும் என்ற எண்ணம் ஆய்வுகளின் முன் நிற்பதில்லை. வெளியே கற்றதைத் தாய்ப் பல்கலைக்கழகம் தன் படிப்பின் பகுதியாக ஏற்க வேண்டும். மாணவருக்குப் பிற நாட்டவரோடு நிலையான உறவு அமைய வேண்டும். இவ்விரண்டும் கூடும்போதுதான் அயல்நாட்டுக் கல்வி முழுப் பயன் தருகிறது என்பதும், இரண்டையும் அமைத்துத் தருவது பெரும்பாலும் நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். இதற்குச் சான்றாக ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். நெடுங்காலமாக நடந்துவருவதும் மிகுதியாக ஆராயப்பட்டதுமான மாணவர் பரிமாற்றத் திட்டங்களுள் அது முதன்மையானது.

1. மறுக்கப்பட்ட ஒரு பட்டம்

இத்திட்டத்தின் வேர் ஓர் அலுவலக மறுப்பில் இருக்கிறது. ரோம் நகரில் சட்டம் பயின்ற சோஃபியா கொராதி, ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒப்பியல் சட்டத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1958இல் நாடு திரும்பியபோது இத்தாலியப் பல்கலைக்கழகம் அப்படிப்பைக் கணக்கில் எடுக்க மறுத்துவிட்டது. படித்தது வீணாகவில்லை, ஆனால் அவர் இத்தாலியில் முடிக்கவேண்டிய பட்டத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லாமல் போனது. பின்னர் இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் கூட்டமைப்புக்கு ஆலோசகரான அவர், அயல்நாட்டில் தேறிய பாடங்களைத் தாய்நாட்டில் ஏற்க வேண்டும் என்ற முன்மொழிவை 1969இல் எழுதினார். அதிலிருந்து எராஸ்மஸ் பிறக்க 18 ஆண்டுகள் பிடித்தன. 1987இல் ஐரோப்பியச் சமூகத்தின் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் சென்றனர்.

கொராதியின் கோரிக்கை பயணத்துக்கான பணத்தைப் பற்றியது அன்று, அங்கீகாரத்தைப் பற்றியது. திட்டத்தின் உள்கட்டமைப்பும் அதே திசையில்தான் வளர்ந்தது. 1989இல் ஐரோப்பிய கிரெடிட் மாற்று முறை சோதனையாகத் தொடங்கியது. ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வாசிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து மாணவரின் 25 முதல் 30 மணிநேர உழைப்பு. புறப்படும் முன்பே எந்தெந்தப் பாடங்களைப் படிப்பது, அவை இங்கே எந்தப் பாடங்களுக்கு ஈடாகும் என்று எழுதி, மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று தரப்பும் ஒப்பமிடுகின்றன. ஏற்கும் பல்கலைக்கழகம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. இந்த ஒப்பந்தத் தாள் பார்ப்பதற்கு எளிய அலுவலகப் படிவம்தான். ஆனால் கொராதிக்கு 1958இல் நேர்ந்தது இன்னொரு மாணவருக்கு நேராமல் காப்பது அதுவே.

2. வேலைவாய்ப்பு: தேர்வா, விளைவா?

ஐரோப்பிய ஆணையத்துக்காக நடத்தப்பட்டு 2014இல் வெளியான எராஸ்மஸ் தாக்க ஆய்வு, பட்டம் பெற்ற ஐந்தாண்டுகளுக்குப் பின் வெளிநாடு சென்று படித்தவர்களிடையே வேலையின்மை விகிதம் மற்றவர்களைவிட 23 விழுக்காடு குறைவு என்றது. இவ்வெண் பரவலாக எடுத்தாளப்படுகிறது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: தன்னம்பிக்கை, ஆர்வம், தெளிவற்ற சூழலைத் தாங்கும் திறன் போன்ற அளவைகளில் வெளிநாடு செல்ல இருந்த மாணவர்கள் புறப்படும் முன்பே மற்றவர்களைவிட உயர்ந்து நின்றனர். அப்படியானால் வேலை கிடைத்ததற்குக் காரணம் பயணமா, பயணத்தைத் தேர்ந்தெடுத்தவரின் இயல்பா? வெறும் ஒப்பீட்டால் இதற்கு விடை சொல்ல முடியாது.

இச்சிக்கலை மத்தியாஸ் பாரே, ஃபாபியன் வால்டிங்கர் என்ற பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில் நுட்பமாகக் கையாண்டனர். ஜெர்மனியில் எராஸ்மஸ் இடங்கள் எல்லாத் துறைகளுக்கும் ஒரே நேரத்தில் வரவில்லை. ஒரு துறைக்கு ஓராண்டிலும் இன்னொன்றுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் வந்தன. தன் துறைக்கு எப்போது இடம் வந்தது என்பது மாணவரின் இயல்பைப் பொறுத்ததன்று. அந்த வேறுபாட்டைக் கொண்டு கணித்தபோது, வெளிநாட்டில் படித்தது பிற்காலத்தில் வெளிநாட்டில் வேலை செய்யும் வாய்ப்பைச் சுமார் 15 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்துவது தெரிந்தது. ஆக, விளைவு மெய்யானது. ஆனால் எல்லா வேலைச் சந்தையிலும் பொதுவான உயர்வு என்று இதைப் படிக்கக் கூடாது. ஒருமுறை எல்லை கடந்தவருக்கு மறுமுறை கடக்கும் துணிவும் வழியும் கிடைக்கின்றன என்பதே இந்த ஆய்வு உறுதியாகச் சொல்வது.

3. ஆளுமை: இடமா, உறவா?

'வெளிநாடு போனால் மனம் விரியும்' என்ற கூற்றையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். ஜெர்மனியின் யெனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூலியா சிம்மர்மான், ஃப்ரான்ஸ் நையர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாடு சென்ற ஜெர்மன் மாணவர்களைச் செல்லாதவர்களோடு ஒப்பிட்டுத் தொடர்ந்து கவனித்தனர். சென்றவர்களிடம் புதியதை ஏற்கும் திறனும் இணக்கமும் கூடின, மனப்பதற்றம் குறைந்தது. செல்பவர்கள் முன்பே சில பண்புகளில் வேறுபட்டிருந்ததையும் கணக்கில் கொண்ட பிறகும் இம்மாற்றம் நிலைத்தது. அதைவிட முக்கியமானது, மாற்றத்தைப் பெருமளவு விளக்கிய காரணி: அங்கே புதிதாக அமைந்த பன்னாட்டு உறவுகள்.

ஊரை மாற்றியதால் மட்டும் ஆள் மாறுவதில்லை, பழகியவர்களால் மாறுகிறார். எராஸ்மஸ் மாணவர்கள் தமக்குள்ளேயே ஒரு வட்டமாகக் கூடிவிடுகிறார்கள், உள்ளூர் மாணவரோடு ஒட்டுவதில்லை என்பது நெடுநாள் குறை. தன் நாட்டவரோடு மட்டுமே அறையும் உணவும் பகிர்ந்து திரும்பியவருக்கும் முழுக் கிரெடிட் கிடைத்துவிடும். ஆனால் மேற்சொன்ன மாற்றம் கிடைக்குமா என்பது ஐயமே. விடுதி அறைகளை எப்படிப் பகிர்ந்தளிக்கிறார்கள், வந்தவரை உள்ளூர் மாணவர் ஒருவரோடு இணைக்கும் ஏற்பாடு உண்டா, வகுப்பில் குழுப்பணி எப்படி அமைகிறது என்பவை ஆகவே சில்லறைக் காரியங்கள் அல்ல, கல்வியின் பகுதிகள்.

4. தேர்வுக்கூடத்தில் கற்பது

மேற்கண்ட ஆய்வுகள் அளக்காத ஒரு பயன் உண்டு. அதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன்: தன் துறையின் அறிவு வேறு முறையிலும் சோதிக்கப்படலாம் என்பதை உடலால் உணர்வது.

ஜெர்மனியிலிருந்து இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் வரலாற்று மாணவரை நினைத்துக்கொள்வோம். ஊரில் அவர் கருத்தரங்கின் முடிவில் வாரக்கணக்கில் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதிப் பழகியவர். கேள்வியை அவரே அமைக்கலாம். அடிக்குறிப்பில் பிழை இருந்தால் திருத்த அவகாசம் உண்டு. இத்தாலியில் பெரும்பாலான தேர்வுகள் வாய்மொழியானவை. பேராசிரியருக்கு எதிரே உட்கார வேண்டும்; தேர்வு பொதுவில் நடப்பதால் முறைக்குக் காத்திருக்கும் மற்ற மாணவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். குறித்த நூல்களிலிருந்து எந்தப் பக்கத்தையும் கேட்கலாம். சில நிமிடங்களில் 30க்கு இத்தனை என்று மதிப்பெண் சொல்லப்படும். 18 எடுத்தால் தேர்ச்சி. மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் மாணவர் அதை மறுத்துவிட்டு இன்னொரு முறை வந்து தேர்வில் பேசலாம்.

எழுத்தில் வல்லவர் இங்கே திணறக்கூடும். நூலை முழுமையாக உள்வாங்கி, கேட்ட மாத்திரத்தில் கோவையாகச் சொல்வது தனித் திறன் என்று அப்போது அவருக்குப் புரிகிறது. பொலோன்யாவிலிருந்து ஜெர்மனி செல்பவருக்கோ, தானே ஒரு கேள்வியை எழுப்பி எழுத்தில் நிறுவுவது புதிய பாடம். இரு முறைகளையும் கடந்தவர், தான் பழகிய முறையே அறிவின் ஒரே அளவுகோல் என்று இனி எண்ண மாட்டார்.

மதிப்பெண்ணை மாற்றுவதிலும் இதே பாடம் இருக்கிறது. ஜெர்மனியில் 1 தான் உச்சம். பிரான்சில் அளவை 20, அதில் 16ஐத் தாண்டுபவர் அரிது. எளிய விகிதக் கணக்குப் போட்டால் பிரெஞ்சு ஆசிரியர் மிகச் சிறந்ததாகக் கருதிய விடை வேறொரு நாட்டில் சராசரியாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு துறையிலும் எந்த மதிப்பெண் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்ற பரவலை வைத்து ஒப்பிடும்படி ஐரோப்பிய முறை வழிகாட்டுகிறது. அதைச் செய்யாத துறை, மாணவரின் உழைப்பை ஏற்பதாகச் சொல்லிக்கொண்டே குறைத்துவிடுகிறது.

5. யாருக்குக் கிடைக்கிறது?

அரசியல் ஆய்வாளர் தெரேசா கூன் 2012இல் எழுதிய கட்டுரை திட்டத்தின் அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்தியது. ஐரோப்பிய உணர்வை வளர்ப்பது நோக்கமென்றால், பல்கலைக்கழக மாணவர்களுக்கு அவ்வுணர்வு ஏற்கெனவே கூடுதலாக உண்டு. எல்லை கடப்பதால் மிகுதியும் மாறக்கூடியவர்கள் குறைந்த கல்வி பெற்றவர்களே என்றார் அவர். இது வலுவான எதிர்வாதம். திட்டத்தின் இன்றைய வடிவமான எராஸ்மஸ் பிளஸ் தொழிற்பயிற்சி பெறுவோரையும் பள்ளி மாணவரையும் உள்ளடக்குவது இக்குறைக்கு ஓரளவு மறுமொழி. ஆனால் கல்லூரிக்கு உள்ளேயே இடைவெளி இருக்கிறது. உதவித்தொகை பல நகரங்களில் வாடகைக்கே போதாது. பகுதிநேர வேலையால் படிப்புச் செலவைச் சமாளிப்பவர் அதை விட்டுவிட்டு ஒரு செமஸ்டர் போக முடியாது. பட்டம் பெறுவோரில் 20 விழுக்காட்டினர் 2020க்குள் வெளிநாட்டில் படித்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய உயர்கல்வியை ஒருங்கிணைக்கும் பொலோன்யா உடன்பாட்டின் நாடுகள் 2009இல் வைத்த இலக்கு எட்டப்படவில்லை. முன்பே வசதியும் துணிவும் உள்ளவரே செல்கிறார் என்றால், திட்டம் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்குப் பதில் அதற்குச் சான்றிதழ் வழங்குவதாகிவிடும்.

முடிவுரை

அயல்நாட்டுக் கல்வி மாணவருக்குத் தருவன மூன்று என்று வகுக்கலாம்: மீண்டும் எல்லை கடக்கும் ஆற்றல், உறவுகளின் வழி நிகழும் ஆளுமை வளர்ச்சி, தன் அறிவுமுறையை வெளியிலிருந்து காணும் பார்வை. முதலாவதற்கு அங்கீகாரமும், இரண்டாவதற்கு உள்ளூர் மாணவரோடு சேர்ந்து வாழும் ஏற்பாடும், மூன்றாவதற்கு வேறுபட்ட முறையில் உண்மையாகவே படித்துத் தேர்வெழுதும் கட்டாயமும் வேண்டும். 2004 முதல் நம் நாட்டு மாணவரும் சேர்ந்து பயிலும் எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலைப் படிப்புகள், குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பதைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்திருப்பதால், இவற்றுள் முதலாவதையும் மூன்றாவதையும் தொடக்கத்திலேயே உறுதி செய்துவிடுகின்றன. மற்றப் பரிமாற்றங்களில் இந்த உறுதி தானாக வருவதில்லை. எனவே பல்கலைக்கழகங்கள் எத்தனை பேரை அனுப்பினோம் என்று எண்ணுவதோடு நிற்கக் கூடாது. அனுப்பியவர்களுள் எத்தனை பேரின் பாடங்கள் முழுமையாக ஏற்கப்பட்டன, வசதி குறைந்த குடும்பத்திலிருந்து எத்தனை பேர் சென்றனர் என்ற இரண்டு எண்களையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தன் மாணவரை அனுப்பும் நிறுவனம் அவருக்குக் கடன்பட்டிருப்பது அதுவே.