‘சேதனம்’, ‘கரிமம்’: ஒரு வேதியியல் கலைச்சொல்லின் இரு தமிழ் வடிவங்கள்

முன்னுரை

ஒரே அறிவியல் துறையைத் தமிழகப் பாடநூல்கள் ‘கரிம வேதியியல்’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘சேதன இரசாயனம்’ என்றும் குறிக்கின்றன. இது வடசொல், தமிழ்ச்சொல் என்னும் தெரிவு மட்டுமன்று. அத்துறை வரலாற்றின் இரு வேறு கட்டங்களை இச்சொற்கள் தாங்கி நிற்கின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மூலச்சொல்லின் பொருள்மாற்றம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியசு, தாவர, விலங்குப் பொருள்களின் வேதியியலை ‘ஆர்கானிக்’ என்னும் அடைமொழியால் குறித்தார். அப்பொருள்கள் உருவாக உயிராற்றல் தேவை என்பது அக்காலக் கருத்து. 1828இல் வோலர், சிறுநீரில் காணப்படும் யூரியாவை ஆய்வகத்தில் உருவாக்கினார். இவ்வொரு சோதனையே உயிராற்றல் கொள்கையை வீழ்த்தியது என்பது மிகைக்கூற்று. 1845இல் கோல்பே அசெட்டிக் அமிலத்தைத் தொகுத்ததும், பின்னர் பெர்த்தலோ மேற்கொண்ட தொகுப்புகளும் அதனைப் படிப்படியாகவே தளர்த்தின. 1861இல் வெளிவந்த தம் பாடநூலில் கெக்குலே இத்துறையைக் கார்பன் சேர்மங்களின் வேதியியல் என வரையறுத்தார். பொருள் மாறியது, பெயர் மாறவில்லை.

தமிழ் வடிவங்கள்

‘சேதனம்’ அறிவுடைப் பொருளையும், ‘அசேதனம்’ சடப்பொருளையும் குறிக்கும் தத்துவச் சொற்கள். எனவே ‘சேதன இரசாயனம்’ மூலச்சொல்லின் தொடக்கப் பொருளுக்கு நெருங்கியது. ‘கரிமம்’ என்பதோ கெக்குலேயின் வரையறையையே பெயராக்குகிறது. ஆயினும் அதுவும் முழுமையானதன்று. கார்பனைக் கொண்டிருந்தும் கார்பன் டை ஆக்சைடும் கார்பனேட்டுகளும் கனிம வேதியியலிலேயே வைக்கப்படுகின்றன.

யூரியா காட்டும் மயக்கம்

இலங்கையில் 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, ‘சேதனப் பசளை’ என்னும் தொடர் விவாதத்தின் மையமாயிற்று. வேதியியல் வகுப்பில் சேதனச் சேர்மமாகிய யூரியா, வேளாண்மையில் சேதனப் பசளை ஆவதில்லை. முன்னதில் சேர்மத்தின் அமைப்பும், பின்னதில் பொருளின் தோற்றுவாயும் அளவுகோலாக அமைவதே காரணம். ஆங்கிலத்திலும் இம்மயக்கம் உண்டு. தமிழகத்தில் ‘கரிம வேதியியல்’, ‘இயற்கை வேளாண்மை’ எனச் சொற்கள் பிரிந்து நிற்பதால் அது குறைகிறது. ‘கரிம உரம்’ என்னும் வழக்கில் மீண்டும் தலைகாட்டுகிறது.

முடிவுரை

‘சேதனம்’ பிழையான பெயர்ப்பன்று. மூலச்சொல்லின் பழம்பொருளைப் பேணும் பெயர்ப்பு. ஆதலின் இரு வடிவங்களுள் ஒன்றை விலக்குவதைவிட, துறைதோறும் அவை கொள்ளும் பொருளைக் கலைச்சொல் அகராதிகள் தனித்தனியே பதிவுசெய்வதே தேவையாகிறது.