கடுகு டப்பா முதல் கடற்கரைச் சாலை வரை



போன மாதம் மாலை நடையின்போது, பக்கத்து பிளாக் நண்பர் ஒருவர் தன் போனை என் முன் நீட்டினார். "சார், மாசம் மூணு பர்சென்ட் தர்றாங்களாம். நீங்க பேங்க்ல இருந்தவர். போடலாமா?" என்று கேட்டார். "போடாதீங்க சார்" என்றேன். இரண்டே வார்த்தை. அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று நின்று விளக்க நேரமில்லை. அதை இங்கே எழுதுகிறேன். நான் படித்தது பி.காம்., சரித்திரம் அல்ல. ஆனாலும் 35 வருடம் லெட்ஜரோடு வாழ்ந்தவனுக்குப் பணத்தின் சரித்திரம் கொஞ்சம் தெரியும்.

எங்கள் அம்மாவின் வங்கி, சமையலறை அலமாரியில் இருந்த கடுகு டப்பா. மளிகைக் கணக்கில் மிஞ்சிய சில்லறை எல்லாம் அதற்குள் போகும். அதில் பத்திரம் உண்டு, வட்டி கிடையாது. கையில் மிஞ்சியதை எங்கே வைப்பது என்ற கேள்வி எல்லாத் தலைமுறைக்கும் உண்டு. நம் மெட்ராஸ் அதற்குப் பதில் தேடிய காலமாக 1872 முதல் 1907 வரையிலான 35 ஆண்டுகளைச் சொல்லலாம்.

1872-ல் மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்டு தொடங்கியது. ஏற்பாடு எளிமையானது. உறுப்பினர்கள் பணம் போடுவார்கள், அதிலிருந்து உறுப்பினர்களுக்கே கடன் கொடுப்பார்கள். வெளியாருக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஒரு கெடு முடிந்ததும் கலைந்துவிடாமல் நிரந்தரமாக நடப்பது என்பதால்தான் 'பர்மனென்ட்' என்று பெயர். இன்று 'நிதி' என்று பெயர் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கெல்லாம் அடிப்படை இந்த முறைதான்.

அடுத்து 1882 ஏப்ரல் 1. அன்றுதான் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கியது. தபால் பெட்டி இருக்கும் ஊரில் சேமிப்புக் கணக்கும் இருக்கலாம் என்ற நிலை மெல்ல வந்தது. பெரிய வங்கிகளின் வாசலை மிதிக்கத் தயங்கிய சாதாரண மக்களுக்கு, தெரிந்த போஸ்ட்மாஸ்டரிடம் பாஸ்புக்கை நீட்டுவது சுலபமாக இருந்தது.

சேமிப்பு என்றால் மிஞ்சியதை வைப்பது மட்டுமல்ல, மிச்சம் பிடிப்பதும்தான். 1904-ல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கம் உருவானது. டி.யு.சி.எஸ். என்றால் நம்மில் பலருக்குத் தெரியும். காமதேனு கடைகளை நடத்துவதும் அவர்கள்தான். ஒரே பகுதியில் வசிப்பவர்கள் ஒன்றுசேர்ந்து தங்களுக்கான கடையைத் தாங்களே நடத்துவது என்ற யோசனைக்கு முன்னோடி, 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்கள் ஆரம்பித்த கடை. அங்கே வகுத்த விதிகள் இரண்டை மட்டும் சொல்கிறேன்: கடன் கிடையாது, ரொக்கம்தான், லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் அவர்களுக்கே திருப்பித் தருவது.

இப்படி அணா அணாவாகச் சேர்க்கப் பழகிக்கொண்டிருந்த ஊரின் தலையில் 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, இடி விழுந்தது. அர்பத்நாட் கம்பெனி திவாலானது. பாரி, பின்னி, அர்பத்நாட் என்று வரிசையாகச் சொல்லப்பட்ட மூன்று பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகளில் அது ஒன்று. வியாபாரத்தோடு வங்கித் தொழிலும் செய்து, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கியது. அதன் முதலாளி 'சர்' பட்டம் பெற்றவர். அதற்கு மேல் என்ன உத்தரவாதம் வேண்டும் என்று பென்ஷன்காரர்களும் விதவைகளும் தங்கள் பணத்தை அங்கே போட்டிருந்தார்கள்.

அந்தப் பணம் லண்டன் கூட்டாளி வழியாக, டெபாசிட்தாரர்கள் பெயர்கூடக் கேள்விப்படாத வெளிநாட்டு முதலீடுகளில் கரைந்துபோயிருந்தது. லண்டன் கூட்டாளி தற்கொலை செய்துகொண்டார். இங்கே சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. டெபாசிட்தாரர்களுக்கு முழுத் தொகை திரும்பவில்லை. பட்டமும் பெரிய கட்டடமும் உத்தரவாதம் ஆகாது என்பதை மெட்ராஸ் அன்று மிகுந்த விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

ஆனால் ஊர் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. திவால் வழக்கில் கடன் கொடுத்தவர்கள் பக்கம் நின்ற வக்கீல் வி.கிருஷ்ணசுவாமி ஐயர், நம்மவர்களே நடத்தும் ஒரு வங்கி வேண்டும் என்று முனைந்தார். நகரத்தார் பெருமக்கள் கைகொடுத்தார்கள். 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது. திவாலாகி பத்து மாதம்கூட ஆகவில்லை.

டெபாசிட்தாரர்களுக்குச் சட்டப்படியான காப்பு வர இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. 1960-ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கியது. அதன் பிறகு 1962 ஜனவரி 1 முதல் வங்கி டெபாசிட்டுகளுக்கு இன்சூரன்ஸ் நடைமுறைக்கு வந்தது. அப்போது உச்சவரம்பு 1,500 ரூபாய். 1993-ல் அது ஒரு லட்சம், 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம். ஒருவருக்கு ஒரு வங்கியில், எல்லாக் கிளைகளும் சேர்த்து, அசலும் வட்டியும் சேர்த்துத்தான் இந்த 5 லட்சம். நிதி நிறுவன டெபாசிட்டுகளுக்கும் 'நிதி'களுக்கும் இந்தக் காப்பு கிடையாது.

இனி, நான் சுமக்கும் ஒரு கணக்கு.

1995-ல் டெபாசிட் கவுண்டரில் இருந்தேன். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர், எங்கள் பழைய வாடிக்கையாளர், 40,000 ரூபாய் எஃப்.டி.யைக் கெடுவுக்கு முன்பே முடிக்க வந்தார். நாங்கள் 12 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தோம். "வேற இடத்துல 24 தர்றான். மூணு வருஷத்துல ரெட்டிப்பு. சீக்கிரம் முடிச்சுக் குடுங்க தம்பி" என்றார். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தெரியும். அவர் கணக்கு வாத்தியார், கணக்கில் தப்பில்லை. 24 சதவீதம் தருகிறவன் அந்தப் பணத்தை எங்கே போட்டு அதற்கு மேல் சம்பாதிப்பான் என்ற கேள்வியைத்தான் அவர் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்வி தெரியும். பின்னால் நீண்ட வரிசை. வாய் திறக்காமல் வவுச்சரைப் பாஸ் பண்ணிவிட்டேன்.

இரண்டு வருடத்துக்குள் அந்த நிறுவனத்தின் ஷட்டர் இறங்கியது. அந்தக் காலத்தில் அப்படி மூடியவை பல. முதலீட்டாளர் நலனைக் காக்கத் தமிழக அரசு 1997-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. போலீசில் புகார் கொடுக்கப் பழைய கணக்கு விவரம் கேட்டு அவர் மறுபடி என் கவுண்டருக்கு வந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி" என்றார். அதுதான் இன்றும் உறுத்துகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பக்கத்து பிளாக் நண்பரிடம் நான் வெடுக்கென்று சொன்னதற்குக் காரணம் இதுதான். மாதம் 3 என்றால் வருடத்துக்கு 36. பணம் இரண்டே வருடத்தில் இரட்டிப்பாக வேண்டும். எந்த நேர்மையான தொழில் அதைத் தாங்கும்?

மற்றபடி, சரித்திரம் சொல்லித் தரும் வழிகள் சாதாரணமானவைதான்.

சம்பளமோ பென்ஷனோ வந்த மறுநாளே ஆர்.டி.க்குப் போய்விடட்டும். மாசக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்றால் மிஞ்சாது.

சீட்டு கட்டுவது தப்பில்லை. 1982 சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்த சீட்டுதானா என்று எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வங்கியில் 5 லட்சத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வங்கியாகப் பிரியுங்கள். நாமினி பெயரைச் சரிபாருங்கள்.

திருவல்லிக்கேணிக்காரர்கள் 1904-ல் செய்ததை ஒரே கேட்டுக்குள் வசிக்கும் நாமும் செய்யலாம். நாலு வீடு சேர்ந்து அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் மொத்த விலைக்கு வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். கணக்கு எழுத நான் இருக்கிறேன்.

யாராவது போனை நீட்டி அதிக வட்டி என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன் ஒரு நடை வந்து கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கிளப் ஹவுஸ் வராந்தாவில் இருப்பேன். இப்போது என் பின்னால் வரிசை எதுவும் இல்லை.