நிரல்நிறையும் நிரலாக்கமும்



இடைநிலைப்பள்ளியில் பயிலும் என் முன்னாள் மாணவன் ஒருவனை அண்மையில் ஹுத்தான் மெலிந்தாங் கடைத்தெருவில் சந்தித்தேன். பைத்தான் கணினிமொழி கற்பதாகக் கூறினான். "ஐயா, அதில் 'ஜிப்' என்று ஒரு கட்டளை உண்டு. பெயர்ப் பட்டியலையும் புள்ளிப் பட்டியலையும் கொடுத்தால், முதல் பெயரோடு முதல் புள்ளி, இரண்டாம் பெயரோடு இரண்டாம் புள்ளி எனத் தானே சேர்த்துவிடுகிறது!" என்று வியந்தான்.

"தம்பி, இது நம் இலக்கணம் கூறும் நிரல்நிறை அல்லவா?" என்றேன். அவன் நம்பவில்லை. அதனால் எழுந்ததே இக்கட்டுரை.

செய்யுளில் சொற்களை எவ்வாறு இணைத்துப் பொருள் கொள்வது என்பதைப் பொருள்கோள் என்பர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் நான்கு பொருள்கோள்களைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது நிரல்நிறை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பொருள்கோளை எட்டாக விரித்தபோதும் நிரல்நிறையை விடவில்லை. வரிசைப்படி சேர்ப்பதையும், தலைகீழாக எதிர்வரிசையில் சேர்ப்பதையும் அது பிரித்துக் காட்டியது. தண்டியலங்காரமோ இதனை ஓர் அணியாகவே வைத்தது.

இல்வாழ்க்கை அதிகாரத்தின் 45ஆம் குறளை எண்ணிப் பாருங்கள். முதலில் அன்பு, அறன் என இரண்டு. பின்னர்ப் பண்பு, பயன் என இரண்டு. அன்பு பண்பாகும், அறன் பயனாகும். பரிமேலழகரும் இதனை நிரல்நிறை என்றே குறித்தார்.

வடமொழியில் ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாணினி, இதனைத் தம் இலக்கணத்தின் பொதுவிதியாகவே அமைத்தார். இ, உ முதலிய நான்கு உயிர்கள் வேறு உயிர்களின் முன் முறையே ய், வ், ர், ல் என மாறும் என்று சுருங்கச் சொல்ல அவ்விதி உதவியது. ஆயின் ஒரு நிபந்தனை உண்டு. இரு வரிசைகளும் எண்ணிக்கையில் சமமாக இருத்தல் வேண்டும்.

அந்நிபந்தனையின் அருமையை நான் பட்டறிந்தேன். ஒரு தேர்வில் 28 மாணவருள் ஒருவர் வரவில்லை. வராதவருக்கு இடம் விடாமல், 27 புள்ளிகளை மேலிருந்து கீழாகக் கணினியில் பதிந்துவிட்டேன். அவருக்குப் பின்னிருந்த அனைவருக்கும் அடுத்தவர் புள்ளி போய்ச் சேர்ந்தது. "நானும் எழுதினேனே, ஐயா" என்று, புள்ளியே இல்லாத கடைசி மாணவி கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். அதற்குள் ஒரு சிறுவன், தனக்குரியதல்லாத புள்ளிக்காக வீட்டில் திட்டு வாங்கியிருந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

என் தந்தையார் பால்மரம் சீவிய காலத்தில், பெரட்டுக் களத்தில் கிராணி பெயர்களை வாசிப்பார். பின்னர் பால் நிறுக்கும்போது அப்பெயர்களுக்கு நேரே எடையைக் குறிப்பார். ஒரு வரி பிசகினால் ஒருவர் உழைப்பு இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

கணினியும் இதற்கு விலக்கன்று. 2000ஆம் ஆண்டில் பைத்தானின் 2.0 பதிப்பில் 'ஜிப்' அறிமுகமானது. இரு பட்டியல்களும் சமமாக இல்லாவிடில், குறைந்த பட்டியல் முடிந்ததும் அது வாய்திறவாமல் நின்றுவிடும். எஞ்சியவை விடுபடும். எண்ணிக்கை சமமாக இல்லையெனில் பிழை என்று அறிவிக்கும் 'ஸ்ட்ரிக்ட்' எனும் வசதி 2021ஆம் ஆண்டில் வெளிவந்த 3.10 பதிப்பில்தான் சேர்ந்தது. அதனையும் நாம் கேட்டால்தான் செய்யும்.

நம் முன்னோர் கணினியைக் கண்டறிந்தனர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் கண்டது ஓர் ஒழுங்கு. நிரல்நிறையைத் தேர்வுக்கான மனனப் பாடமாக மட்டும் நடத்தாமல், இரு வரிசைகளைக் கரும்பலகையில் எழுதிக் கோடிட்டு இணைக்கச் செய்யுங்கள். இணைக்கும் முன் இருபக்கமும் எண்ணச் செய்யுங்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு பிள்ளை இருக்கிறது.