ஆறு கால்களை மிச்சம் பிடித்த கதை

மகன் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு. சீனியர் ஒருவரிடமிருந்து பழைய ஸ்பார்ட்டன்-3ஈ எஃப்.பி.ஜி.ஏ. போர்டு ஒன்றை வாங்கி வந்தான். (எஃப்.பி.ஜி.ஏ. என்றால் உள்ளிருக்கும் சர்க்யூட்டை நாமே வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் சிப்.) முதல் நாளே விளக்குகள் மினுக்கின. ஆனால் போர்டிலுள்ள 64 எம்.பி. டி.டி.ஆர். மெமரியோடு மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறான்.

"முழு அட்ரஸையும் ஒரே தடவையில வாங்கிக்கிட்டா என்னவாம்ப்பா? முதல்ல வரிசையாம், அப்புறம் பத்தியாம். எவன் கண்டுபிடிச்சான் இதை?"

நான் பி.காம். இருந்தாலும் 'எவன்' என்ற கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்குமே என்று தேடினேன். இருந்தது.

ஐ.பி.எம்.மில் இருந்த ராபர்ட் டென்னார்ட், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கபாசிட்டர், இவ்வளவில் ஒரு பிட்டைச் சேமிக்கலாம் என்று காட்டி 1968ல் காப்புரிமை பெற்றார். மலிவுதான். ஆனால் மறதி அதிகம். கபாசிட்டரில் மின்னூட்டம் கசிந்துவிடும்; விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1970ல் இன்டெல்லின் 1103 சிப் 1,024 பிட்டோடு சந்தைக்கு வந்து, இந்த மறதிக்கார மெமரி விலைபோகும் என்று நிரூபித்தது.

அடுத்தது 4,096 பிட். அதற்கு 12 அட்ரஸ் கம்பிகள் வேண்டும். இன்டெல்லும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் 22 கால் சிப் செய்தன. 1969ல் டெக்சாஸில் தொடங்கிய சின்ன கம்பெனி மாஸ்டெக் வேறு கணக்குப் போட்டது. அங்கிருந்த ராபர்ட் புரோப்ஸ்டிங்கின் யோசனை இது: ஆறே கம்பிகள் போதும், முதலில் வரிசை எண், பிறகு அதே கம்பிகளில் பத்தி எண். 1973ல் வந்த எம்.கே.4096க்கு 16 கால்தான்.

இரண்டு தவணையில் அட்ரஸ் கொடுத்தால் தாமதமாகாதா? பெரிதாக ஆகாது. ஏன் என்பது எனக்கு லெட்ஜரை வைத்துத்தான் புரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கனத்த லெட்ஜரை இறக்கிப் பக்கத்தைப் பிரிப்பதற்குத்தான் நேரம் ஆகும். பிரித்த பிறகு எந்த வரி என்று சொன்னால் போதும். மெமரியும் அப்படியே. ஒரு வரிசை முழுவதையும் திறந்த பிறகே பத்தி எண் தேவைப்படும். திறக்கும் நேரத்தில் பத்தி எண் வந்து சேர்ந்துவிடும்.

கால் குறைந்ததால் சிப்பின் உறையும் சிறிது, போர்டில் இடமும் மிச்சம். அடுத்த 16 கே தலைமுறையில் இன்டெலும் 16 காலுக்கே வந்தது. 1993ல் எஸ்.டி.ரேம் தரநிலை, 2000ல் டி.டி.ஆர்., இன்றைய டி.டி.ஆர்.5 வரை வேகம் எங்கேயோ போய்விட்டது. முதலில் வரிசை, பிறகு பத்தி என்பது மட்டும் மாறவில்லை.

மகனின் போர்டிலும் இதே கணக்குதான். வரிசைக்கு 13 கம்பிகள், அவற்றிலேயே பத்திக்கு 10. நான்கு பகுதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இன்னும் 2. அந்தப் பகுதிக்குப் பெயர் 'பேங்க்'! :-) இதற்கு முந்தைய ஸ்பார்ட்டன்-3 போர்டில் இருந்தது மறதியில்லாத எஸ்.ரேம். 18 கம்பிகளில் முழு அட்ரஸும் ஒரே தடவையில் போகும். பையன்களுக்குச் சுலபம். ஆனால் அளவு 1 எம்.பி.தான். 64 மடங்கு இடம் வேண்டுமென்றால், 64 மில்லிசெகண்டுக்குள் 8,192 வரிசைகளையும் புதுப்பிக்கும் வேலையைத் தலையில் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜெயித்த மாஸ்டெக் நிலைக்கவில்லை. மெமரி விலை சரிந்த 1985ல் பிரான்சின் தாம்சன் நிறுவனத்துக்குக் கைமாறியது. அதே ஆண்டு இன்டெல் டி.ரேம் தொழிலையே விட்டது. அதே ஆண்டுதான் சைலிங்க்ஸின் முதல் எஃப்.பி.ஜி.ஏ.வும் வந்தது. கம்பெனி போய்விட்டது, அது ஆறு காலை மிச்சம் பிடிக்கப் போட்ட விதி மட்டும் என் வீட்டு மேஜை வரை வந்துவிட்டது.

லெட்ஜர் உதாரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப ஒரே பக்கத்துல இருக்கற வேலையையெல்லாம் முடிச்சுட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திறக்கணும், இல்லையாப்பா?"

எங்கள் பழைய லெட்ஜர் கிளார்க்குகளும் அதைத்தான் செய்தார்கள். வவுச்சர்களைப் பக்க வரிசையில் அடுக்கிக்கொண்டுதான் பதிவு போட உட்காருவார்கள்.

மெமரி இன்னும் பேசவில்லை. ஆனால் 'எவன்' என்று திட்டுவது நின்றிருக்கிறது.